இல்லாமை வேறு, எட்டாமை வேறு

கேள்வி இதுதான்: "பணக்கஷ்டம் ஒருவரைக் குற்றவாளி ஆக்குமா, இல்லை அடுத்தவரைப் பார்த்துப் புழுங்குவதுதான் ஆக்குகிறதா? ஏழைகள் எல்லோரும் திருடுவதில்லையே. நல்ல சம்பளம் வாங்குகிறவர்களும் மோசடியில் பிடிபடுகிறார்களே?"

கேட்டவர் கடைசி வாக்கியத்திலேயே பாதி விடையைச் சொல்லிவிட்டார். மீதியைச் சொல்லக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. இந்த விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லப்படும் எதுவும் சரியாக இருப்பதில்லை. 'வறுமையே குற்றத்தின் தாய்' என்பது மேடைக்கு நன்றாக இருக்கும். 'உழைக்கச் சோம்பல், அதனால்தான் திருட்டு' என்பது அரட்டைக்கு நன்றாக இருக்கும். குற்றவியலைப் பல ஆண்டுகள் படித்தும் கற்பித்தும் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டுமே எண்களுக்கு முன்னால் தாக்குப்பிடிப்பதில்லை.

குற்றங்களை நாடு முழுவதும் எண்ணி ஆண்டுதோறும் வெளியிடும் வழக்கம் பிரான்சில் 1820களில் தொடங்கியது. கெரி என்ற வழக்கறிஞர் அந்த எண்களை வரைபடத்தில் ஏற்றி, குற்றம் மிகுந்த மாவட்டத்துக்கு அடர்ந்த நிறமும் குறைந்த மாவட்டத்துக்கு வெளிர் நிறமும் தீட்டிப் பார்த்தார். 1833இல் அது நூலாக வந்தது. ஏழை மாவட்டங்கள்தாம் கறுத்துக் கிடக்கும் என்பது அன்றைய படித்தவர்களின் நம்பிக்கை. வரைபடமோ வேறு கதை சொன்னது. சொத்துக் குற்றங்கள் பாரிஸிலும் தொழில்வளம் மிக்க வடக்கிலும் குவிந்திருந்தன. க்ரூஸ் போன்ற மிக ஏழ்மையான மாவட்டங்கள் வெளிர்ந்து கிடந்தன. பெல்ஜியத்தின் கணிதவியலாளர் கெத்லே இரண்டு ஆண்டுகள் கழித்து இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். எல்லோரும் ஒரே மாதிரி ஏழையாக இருக்கும் இடத்தில் ஆபத்து அதிகம் இல்லை. செல்வமும் இல்லாமையும் அடுத்தடுத்து நிற்கும் இடத்திலும், வசதியாக இருந்தவர் சட்டென்று கீழே விழும் இடத்திலும்தான் ஆபத்து என்றார். அதன் பிறகு வந்த ஆய்வுகளில் பெரும்பகுதி அந்தக் கருத்தைச் சோதித்துப் பார்த்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் பசியின் கணக்கை முடித்துவிடலாம், ஏனென்றால் அது உண்மையான கணக்கு. 'பசி வந்தால் பத்தும் பறந்துபோகும்' என்பதற்குச் சான்று கேட்டால் 19ஆம் நூற்றாண்டின் பவேரியாவில் இருக்கிறது. அங்கே சாதாரண மக்களின் ரொட்டி ரை என்னும் தானியத்தால் ஆனது. கேயார்க் ஃபோன் மாயர் என்ற புள்ளியியலாளர் 1835 முதல் 1861 வரையிலான பதிவுகளைப் புரட்டி, ரை விலை ஏறிய ஆண்டுகளில் திருட்டும் ஏறுவதையும், விலை இறங்கினால் திருட்டும் இறங்குவதையும் 1867இல் காட்டினார். இதில் ஒரு சந்தேகம் எஞ்சும்: விலையையும் திருட்டையும் மூன்றாவது ஏதோ ஒன்று சேர்த்து ஆட்டுவித்திருக்கலாமே? மெலும், மிகெல், டோர்விக் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2006இல் அதே பவேரியாவை மழையோடு சேர்த்து ஆராய்ந்தார்கள். மழை யாருடைய ஒழுக்கத்தையும் நேரடியாகக் கெடுப்பதில்லை, விளைச்சலைத்தான் கெடுக்கிறது. பருவம் தப்பிய மழையால் விலை ஏறியபோதும் திருட்டு ஏறியது. ஆக, காரணம் சாப்பாட்டுத் தட்டில்தான் இருந்தது.

அதே ஆய்வில் இன்னொரு விவரமும் உண்டு. விலை ஏறிய ஆண்டுகளில் அடிதடியும் வன்முறையும் குறைந்தன. பீர் விலையும் கூடவே ஏறியதால் மக்கள் குறைவாகக் குடித்தார்கள், அதனால் குறைவாக அடித்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பிரான்சிலும் இதே கதைதான். 1863க்கும் 1890க்கும் இடையில் ஃபிலாக்ஸெரா என்ற சிறு பூச்சி அந்நாட்டின் திராட்சைத் தோட்டங்களில் சுமார் 40 சதவீதத்தை அழித்தது. பூச்சி எந்த மாவட்டத்துக்கு எப்போது வந்தது என்பது தெரியும். குற்றப் பதிவுகளும் உண்டு. இரண்டையும் பொருத்திப் பார்த்தால், பூச்சி வந்த இடத்தில் திருட்டு கூடியது, வன்முறை குறைந்தது. 'குற்றம்' என்று ஒரே சொல்லில் நாம் கட்டிவைக்கும் மூட்டைக்குள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நகரும் பொருள்கள் இருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

நம் காலத்துக்கு வந்தாலும் இது தெரிகிறது. அமெரிக்காவின் 12 நகரங்களில் அரசு உதவித்தொகை எந்தத் தேதியில் வழங்கப்படுகிறது என்பதை ஃப்ரிட்ஸ் ஃபோலி 2011இல் ஆராய்ந்தார். மாதத் தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரேயடியாகக் கொடுக்கும் நகரங்களில், நாள்கள் செல்லச் செல்லப் பணத்துக்கான குற்றங்கள் கூடின. பணம் மாதம் முழுவதும் பரவலாகக் கொடுக்கப்பட்ட நகரங்களில் அந்த ஏற்றம் இல்லை. இரண்டு வகை நகரங்களிலும் உதவியை நம்பி வாழ்ந்த ஏழைகள்தாம். கை காலியாகும் நாள் மட்டுமே வேறு. பிரேசிலின் சாவோ பாவ்லோவில், ஏழைக் குடும்பங்களுக்கான உதவித்தொகைத் திட்டம் 2008இல் 16, 17 வயதுப் பிள்ளைகளுக்கும் நீட்டிக்கப்பட்டபோது, அத்தகைய பிள்ளைகள் அதிகம் படித்த பள்ளிகளைச் சுற்றிக் குற்றம் குறைந்தது. பசியின் திருட்டு பெரும்பாலும் சிறியது, அவசரமானது, கைக்கெட்டிய தூரத்தில் நடப்பது. பசி தீர்ந்தால் அதுவும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நீதிமன்றங்களில் மிக எளிதாகப் பிடிபடுவதும் இதுதான். திட்டமிடாதவன் தடயத்தை மறைப்பதில்லை.

பசி மட்டுமே காரணமாக இருந்திருந்தால் இந்தப் பதிலை இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் நாடு ஏழ்மையுறும்போதெல்லாம் குற்றம் பெருகி, செழிக்கும்போதெல்லாம் குறைய வேண்டுமே? அப்படி நடப்பதில்லை. அமெரிக்காவில் 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது கொலை விகிதம் 1933இல் உச்சத்தைத் தொட்டது. வேலையின்மை தொடர்ந்து கடுமையாகவே இருந்த அடுத்த ஆண்டுகளிலேயே அது இறங்கத் தொடங்கிவிட்டது. 1960களில் வேலைக்கும் பணத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் பதிவான வன்குற்ற விகிதம் அந்தப் பத்தாண்டில் இரண்டு மடங்கைத் தாண்டியது. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டபோது 'குற்ற அலை வரப்போகிறது' என்று பலர் ஆரூடம் சொன்னார்கள். குற்றமோ குறைந்துகொண்டே போனது. இந்த மூன்றுக்கும் தனித்தனி விளக்கங்கள் உண்டு. மக்கள்தொகையில் இளைஞர்களின் பங்கு, போதைப்பொருள், காவல் முறை என்று பட்டியல் நீளும். அவற்றுக்குள் நான் போகவில்லை. வருமானத்தை மட்டும் வைத்துக் குற்றத்தை அளக்க முடியாது என்பது தெரிந்தால் போதும்.

இனி ஒப்பீடு.

இரண்டாம் உலகப் போரின்போது சாமுவேல் ஸ்டௌஃபர் தலைமையிலான குழு அமெரிக்கப் படைவீரர்களிடம் பெரிய அளவில் கருத்துக் கேட்டது. முடிவுகள் 1949இல் வந்தன. விமானப் படைப் பிரிவில் பதவி உயர்வு வேகமாகக் கிடைத்தது. இராணுவக் காவல் பிரிவில் ஆமை வேகம். பதவி உயர்வு முறையைப் பற்றி யார் அதிகம் குறைப்பட்டுக்கொண்டார்கள்? விமானப் படையினர்தாம். சுற்றிலும் எல்லோரும் ஏறிக்கொண்டிருக்கும்போது ஏறாமல் நிற்பவனுக்குத்தான் உறுத்தும். யாருமே ஏறாத இடத்தில் நிற்பது இயல்பாகிவிடும். இந்த உறுத்தலுக்கு ஒப்பீட்டு இழப்புணர்வு என்று பெயர் வைத்தார்கள். கையில் என்ன இருக்கிறது என்பதால் இது பிறப்பதில்லை. யாரை நமக்குச் சமமாக வைத்துப் பார்க்கிறோம் என்பதால் பிறக்கிறது. அரண்மனைவாசியைப் பார்த்து யாரும் தூக்கம் கெடுவதில்லை. உடன் படித்தவர், உடன் வேலைக்குச் சேர்ந்தவர், உடன்பிறந்தவர் ஆகியோரைப் பார்த்துத்தான் கெடுகிறோம்.

பக்கத்து வீட்டுக்காரரின் அதிர்ஷ்டம் நம்மை என்ன செய்யும் என்பதை அளந்து பார்த்தவர்கள்கூட உண்டு. நெதர்லாந்தில் அஞ்சல் குறியீட்டை வைத்துப் பரிசு கொடுக்கும் ஒரு லாட்டரி இருக்கிறது. பரிசு விழுந்த தெருவில், பரிசு விழாத வீட்டுக்காரர்களும் புதிய கார் வாங்குவது கூடியதை 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கனடாவில் நடந்த இன்னோர் ஆய்வு இதன் கசப்பான பக்கத்தைக் கண்டது: லாட்டரிப் பரிசு எவ்வளவு பெரியதோ, அந்த அளவுக்கு அந்த வெற்றியாளரின் அண்டை வீட்டார் திவாலாவது கூடியது. வென்றவர் யாருடைய பணத்தையும் பறிக்கவில்லை. அவருக்குச் சமமாக வாழ வேண்டும் என்று அண்டை வீட்டார் கடன் வாங்கிச் செலவழித்தார்கள். திவால் குற்றம் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் வெளியே சொல்ல முடியாத கடன் ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

ஒப்பீட்டிலிருந்து குற்றத்துக்குப் போகும் பாதையை முதலில் தெளிவாகத் தீட்டியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன். பிலடெல்பியாவின் ஏழைப் பகுதியில் குடியேறிகளின் மகனாகப் பிறந்தவர். பிறந்தபோது வேறு பெயர், பின்னால் தாமே மாற்றிக்கொண்டார். எட்டாத உயரத்தை அண்ணாந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்பதை அவர் ஏட்டில் மட்டும் படித்தவர் இல்லை. 1938இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: சமூகம் எல்லோருக்கும் ஒரே இலக்கைக் காட்டுகிறது. பணம் சேர், உயர்ந்து காட்டு, முடியாது என்று சொல்லாதே என்கிறது. ஆனால் அங்கே போகும் வழிகளை எல்லோருக்கும் திறந்துவிடுவதில்லை. இலக்கு பொது, வழி தனியுடைமை. இந்த முரண்பாட்டில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் வாயை மூடிக்கொண்டு விதிப்படி நடப்பார்கள். சிலர் இலக்கைக் கைவிட்டுச் சடங்குபோல் வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள். சிலர் இரண்டையும் விட்டுப் போதையில் ஒதுங்குவார்கள். சிலர் இலக்கையே மாற்ற வேண்டும் என்று கலகம் செய்வார்கள். இன்னும் சிலர் இலக்கைப் பிடித்துக்கொண்டு வழியை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். அவர்களுக்கு மெர்ட்டன் வைத்த பெயர், சற்றுக் குறும்போடு, 'புதுமை செய்பவர்'.

இதில் ஓர் ஓட்டை உண்டு. 1960இல் க்ளோவர்டும் ஓலினும் அதைச் சுட்டிக்காட்டினார்கள். நேர்வழி மூடியிருக்கிறது என்பதற்காகக் குறுக்குவழி தானாகத் திறந்துவிடாது. திருட்டுப் பொருளை வாங்குபவர் வேண்டும், கற்றுக்கொடுப்பவர் வேண்டும், கூட்டு வேண்டும். ஒரே ஏக்கத்தோடு இருக்கும் இரண்டு இளைஞர்களில் ஒருவன் கொள்ளைக் கும்பலில் சேர்வதும் மற்றவன் சேராததும், பல நேரங்களில் அவரவர் தெருமுனையில் யார் நின்றிருந்தார்கள் என்பதைப் பொறுத்தது. குணத்தைக் குறை சொல்வதற்கு முன் இதை நினைத்துப் பார்க்கலாம்.

'மற்றவர்களின் வாழ்க்கையைத் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பதும் இப்படித் தூண்டுமா?' என்று அடுத்த கேள்வி வரும் என எதிர்பார்க்கிறேன். இதற்குத் தொலைக்காட்சிக் காலத்திலேயே ஒரு பதில் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1948 முதல் 1952 வரை புதிய தொலைக்காட்சி நிலையங்களுக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்திவைத்திருந்தார்கள். அதனால் சில நகரங்களுக்குத் தொலைக்காட்சி முன்னதாகவும் சில நகரங்களுக்குப் பல ஆண்டுகள் தாமதமாகவும் வந்தது. யாரும் திட்டமிடாமல் அமைந்த சோதனை இது. 1982இல் ஹென்னிகனும் உடன் பணியாற்றியவர்களும் இரண்டு வகை நகரங்களையும் ஒப்பிட்டார்கள். தொலைக்காட்சி வந்ததால் கொலையோ வன்முறையோ கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் சில்லறைத் திருட்டு கூடியது. முதலில் முன்னதாகப் பெற்ற நகரங்களில், பிறகு தாமதமாகப் பெற்ற நகரங்களில். அன்றைய நிகழ்ச்சிகளில் துப்பாக்கிச் சண்டையும் இருந்தது, வசதியான வீடுகளும் விளம்பரப் பொருள்களும் இருந்தன. பெற்றோர் துப்பாக்கியைப் பார்த்துப் பயந்தார்கள். வேலை செய்ததோ வீட்டு அலங்காரம். அந்த ஆய்வாளர்களே இதற்கு ஒப்பீட்டு இழப்புணர்வைத்தான் காரணமாகக் கருதினார்கள். அன்று திரையில் தெரிந்தவர்கள் நடிகர்கள். இன்று தெரிகிறவர்கள் நம் பழைய வகுப்புத் தோழர்கள், அதுவும் தங்கள் வாழ்வின் மிகச் சிறந்த அரைமணி நேரத்தில். உறுத்தல் கூடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த உறுத்தல் எத்தனை குற்றமாக மாறுகிறது என்பதை மட்டும் அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது.

இப்போது கேள்வியின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன்: வசதியானவர்கள் ஏன்? எனக்கு மிகவும் பிடித்த, மிகவும் சங்கடப்படுத்தும் பகுதி இது.

டொனால்ட் க்ரெஸ்ஸி என்ற குற்றவியலாளர், நம்பி ஒப்படைக்கப்பட்ட பணத்தைக் கையாடிச் சிறைக்கு வந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் நீண்ட நேரம் பேசி, 1953இல் ஒரு நூல் எழுதினார். திருடும் எண்ணத்தோடு வேலைக்குச் சேர்ந்தவர்களை அவர் ஒதுக்கிவிட்டார். நேர்மையாகச் சேர்ந்து, பல ஆண்டுகள் நேர்மையாக இருந்து, பிறகு தவறியவர்கள் மட்டுமே அவருக்கு வேண்டியிருந்தது. அவர்கள் எல்லோரிடமும் மூன்று விஷயங்களைக் கண்டார். முதலாவது, பிறரிடம் சொல்ல முடியாத ஒரு பணப் பிரச்சினை. கவனியுங்கள், 'பெரிய' பிரச்சினை என்று அவர் சொல்லவில்லை. 'சொல்ல முடியாத' பிரச்சினை. சூதாட்ட நட்டமாக இருக்கலாம், சொந்தத் தொழிலில் விழுந்த அடியாக இருக்கலாம், தகுதிக்கு மீறிய வாழ்க்கையைக் காட்டிக்கொள்ள வாங்கிய கடனாக இருக்கலாம். சொன்னால் உதவக்கூடியவர்கள் சுற்றிலும் இருப்பார்கள். சொன்னால் மானம் போகும். இரண்டாவது, கையில் இருக்கும் பொறுப்பைக் கொண்டே அந்தப் பிரச்சினையை யாருக்கும் தெரியாமல் தீர்த்துவிடலாம் என்று ஒரு நாள் பொறி தட்டுவது. மூன்றாவது, அதைச் செய்யத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஒரு சொல். பெரும்பாலும் அந்தச் சொல் 'கடன்'. எடுக்கவில்லை, கடனாக வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் வைத்துவிடுவேன்.

ஒரு கணக்கரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தன்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர் வீடு வாங்கிவிட்டார். இவர் வாங்கவில்லை. வாங்காததற்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம், ஆனால் விசேஷ வீட்டில் நாலு பேர் முன்னால் காரணங்களைச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? இவரும் வாங்குகிறார், தவணை கட்ட முடியாத அளவுக்கு. முதல் முறை பெட்டியிலிருந்து எடுக்கும்போது கை நடுங்குகிறது. திருப்பி வைத்தும் விடுகிறார். ஆபத்து அந்தத் திருப்பி வைத்ததில்தான் இருக்கிறது. இது கடன்தான் என்று அது நிரூபித்துவிடுகிறது. மூன்றாவது முறை தொகை பெரிது, திருப்பவில்லை, கணக்கில் ஒரு திருத்தம். எட்டாவது முறை வருவதற்குள் இன்னொரு வாக்கியம் தயாராகிவிடுகிறது: 'இத்தனை ஆண்டு உழைத்ததற்கு எனக்கு வரவேண்டியதுதானே இது?' பசித்தவன் திருடும்போது இந்த வாக்கியம் தேவைப்படுவதில்லை. ஒப்பிட்டுப் புழுங்கியவனுக்கு அது இல்லாமல் முடியாது. இல்லாமைக்கும் எட்டாமைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே வரியில் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். முன்னவன் 'எனக்கு வேண்டும்' என்கிறான், பின்னவன் 'எனக்கு வரவேண்டும்' என்கிறான்.

சைக்ஸ், மாட்ஸா என்ற குற்றவியலாளர்கள் இருவரும் இளம் குற்றவாளிகள் சொல்லும் இத்தகைய வாக்கியங்களை 1957இல் வகைப்படுத்தினார்கள். என் மேல் தவறில்லை, யாருக்கும் நட்டமில்லை, அவனுக்கு இது வேண்டும், குற்றம் சொல்கிறவர்கள் மட்டும் யோக்கியமா, என் ஆட்களுக்காகத்தான் செய்தேன் என்று ஐந்து வகை. தெருவில் பணப்பை பறித்தவனும் கோப்பில் கையெழுத்து மாற்றியவனும் இந்த ஐந்தில் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். சட்டையின் தரம் வேறு, சாக்கு ஒன்றுதான்.

இதை வெகு முன்னரே உரக்கச் சொன்னவர் எட்வின் சதர்லண்ட். பதவியும் மரியாதையும் உள்ளவர்கள் தங்கள் தொழிலின் ஊடே செய்யும் குற்றத்துக்கு 'வெள்ளைக்காலர் குற்றம்' என்ற சொல்லை 1939இல் ஒரு மாநாட்டு உரையில் அவர்தாம் அறிமுகப்படுத்தினார். வறுமைதான் குற்றத்துக்குக் காரணம் என்று சொல்கிறவர்கள், காவல் நிலையத்திலும் சிறையிலும் இருப்பவர்களை மட்டும் எண்ணிவிட்டு அப்படிச் சொல்கிறார்கள் என்பது அவர் வாதம். மேல்தட்டில் நடப்பவை பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்வதே இல்லை. அபராதமாகவோ எச்சரிக்கைக் கடிதமாகவோ முடிந்துவிடுகின்றன. எண்ணப்படாத குற்றத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், குற்றம் செய்கிறவர்கள் எல்லோரும் ஏழைகளாகத்தான் தெரிவார்கள். மேலே நான் சொன்ன பல ஆய்வுகளுக்கும் இந்தக் குறை உண்டு.

வன்முறை வேறு ரகம். மார்கன் கெல்லி 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நகர்ப்புறப் பகுதிகளை ஆராய்ந்தபோது, சொத்துக் குற்றங்கள் வறுமையோடு சேர்ந்து நகர்ந்தன, வருமான ஏற்றத்தாழ்வோடு அல்ல. வன்குற்றங்களில் நேர்மாறு: ஏற்றத்தாழ்வு மிகுந்த இடத்தில் மிகுதி. 39 நாடுகளின் கொலைப் பதிவுகளை வைத்து உலக வங்கி ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்விலும் ஏற்றத்தாழ்வு கூடிய இடத்தில் கொலையும் கூடியது. ஏழை நாடு என்பதால் அப்படித் தெரிகிறதோ என்ற ஐயத்தைக் கனடா தீர்த்துவைத்தது. அங்கே வசதியான மாகாணங்களில்தான் ஏற்றத்தாழ்வு அதிகம். டேலி, வில்சன், வாஸ்தேவ் மூவரும் 2001இல் அதைப் பயன்படுத்திக்கொண்டு இரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள். கொலை விகிதம் ஏற்றத்தாழ்வின் பின்னால்தான் போனது. ஒருவனிடம் காட்டிக்கொள்ள வீடோ பதவியோ இல்லாதபோது, 'என்னை யாரும் அலட்சியம் செய்ய முடியாது' என்ற பெயர் ஒன்றுதான் அவன் சொத்து. அதைத் தொட்டால் அடிக்கிறான். ஒரு சொல்லுக்காகவா கொலை என்று செய்தியைப் படித்துவிட்டு வியக்கிறோம். அந்தச் சொல்லைத் தவிர இழக்க அவனிடம் வேறு என்ன இருந்தது என்று கேட்பதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, என் பக்கத்து வாதத்தைக் குடையும் இரண்டு ஆய்வுகளையும் சொல்லியாக வேண்டும். இரண்டும் ஸ்வீடனைச் சேர்ந்தவை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பின்னால் வன்குற்றத்தில் ஈடுபடும் விகிதம் அங்கும் அதிகம்தான். ஆனால் அதே குடும்பம் ஏழையாக இருந்தபோது வளர்ந்த பிள்ளையையும் வசதி வந்த பிறகு வளர்ந்த பிள்ளையையும் ஒப்பிட்டபோது, அந்த வேறுபாடு மறைந்துவிட்டது என்று 2014இல் ஓர் ஆய்வு கண்டது. லாட்டரியில் பெருந்தொகை வென்றவர்களைப் பின்தொடர்ந்த இன்னோர் ஆய்வில், பணம் வந்ததால் அவர்களோ அவர்கள் பிள்ளைகளோ குறைவாகக் குற்றம் செய்ததாகத் தெரியவில்லை. வறுமையோடு கூடவே வரும் வேறு பல விஷயங்களை வறுமையின் கணக்கில் எழுதிவிடுகிறோமோ என்ற எச்சரிக்கை இது. அதே சமயம், ஸ்வீடன் யாரையும் அடிமட்டம் வரை விழவிடாத நாடு. வலை விரித்த இடத்தில் விழுந்து பார்த்துவிட்டு, விழுந்தால் வலிக்காது என்று சொல்ல முடியாது. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இதற்குள் நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

ஏழைகளை நல்ல பகுதிக்குக் குடியேற்றினால் தீர்ந்துவிடுமா? அமெரிக்காவில் 1994இல் தொடங்கி ஐந்து நகரங்களில் அதையும் செய்து பார்த்தார்கள். குலுக்கல் முறையில் குடும்பங்களைத் தேர்ந்து, வறுமை குறைந்த பகுதிகளுக்குப் போக வாடகை உதவி கொடுத்தார்கள். பிள்ளைகளிடம் வன்குற்றக் கைதுகள் தொடக்கத்தில் குறைந்தன. ஆனால் சில ஆண்டுகளில் ஆண்பிள்ளைகளிடம் சொத்துக் குற்றக் கைதுகள் கூடின. புதிய இடத்தில் திருடக் கிடைக்கும் வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்வதில் அங்கிருந்த மற்றவர்களைவிட இவர்கள் கை ஓங்கியிருந்தது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். இருக்கலாம். எனக்கு ஸ்டௌஃபரின் விமானப் படைதான் நினைவுக்கு வருகிறது: எல்லோரும் ஏறிக்கொண்டிருக்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தப்பட்ட பையன்கள்.

பாதை எதிர்த்திசையிலும் ஓடுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. டெவா பேஜர் 2003இல் வெளியிட்ட சோதனையில், ஒரே தகுதியோடு வேலைக்கு விண்ணப்பித்த இளைஞர்களில், சிறை சென்றதாகக் குறிப்பிட்டவர்களுக்கு முதலாளிகள் திரும்ப அழைப்பது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. வெள்ளையர்களிடம் 34 சதவீதம் 17 ஆனது, கறுப்பினத்தவரிடம் 14 சதவீதம் 5 ஆனது. கஷ்டம் குற்றத்துக்குத் தள்ளுகிறதா என்று கேட்கும் நாம், குற்றம் எவ்வளவு காலத்துக்குக் கஷ்டத்தில் தள்ளி வைக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கடைசியாக, எது பலன் தந்தது? சிகாகோவில் குற்றம் மிகுந்த பகுதிப் பள்ளி மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் எட்டு வாரம் வேலை கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த 16 மாதங்களில் அவர்களிடம் வன்குற்றக் கைது 43 சதவீதம் குறைந்ததை சாரா ஹெல்லர் 2014இல் காட்டினார். எட்டு வாரச் சம்பளம் யாரையும் பணக்காரர் ஆக்காது. ஒரு மேலாளரின் கீழ் வேலை பார்த்து, நேரத்துக்குப் போய் வந்து, அவமதிப்பாகத் தோன்றுவதைக் கைகலப்பு இல்லாமல் கடந்துபோகப் பழகியதுதான் பலன் தந்திருக்கும் என்பது என் ஊகம்.

லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில் நடந்தது இதைவிடச் சுவையானது. திருட்டு, போதை, அடிதடி என்று வாழ்ந்த 999 ஆண்களைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் சிலருக்கு எட்டு வார உளவியல் பயிற்சி, சிலருக்கு 200 டாலர் ரொக்கம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவுமில்லை என்று பிரித்தார்கள். பணத்தைப் பெரும்பாலோர் ஊதாரித்தனமாக அழிக்கவில்லை. ஆனால் பணம் மட்டும் பெற்றவர்களிடம் மாற்றம் நிலைக்கவில்லை. பயிற்சி மட்டும் பெற்றவர்களிடம் நாளடைவில் மங்கியது. இரண்டும் பெற்றவர்களிடம் திருட்டும் கொள்ளையும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. பத்து ஆண்டுகள் கழித்துத் தேடிப் பிடித்துக் கேட்டபோதும் அந்தக் குறைவு பெரிதும் நீடித்திருந்தது.

அந்தப் பயிற்சியில் ஒரு பாடம் உண்டு. முடி திருத்திக்கொண்டு, ஒழுங்கான கால்சட்டையும் ஷூவும் அணிந்து, இவர்கள் ஒரு வங்கிக்குள் போக வேண்டும். கணக்கு தொடங்குவது எப்படி என்று அங்கிருப்பவரிடம் கேட்க வேண்டும். பெரிய கடைக்குப் போய்ப் பொருள்களைப் பார்த்துவிட்டு வர வேண்டும். அதுவரை வெளியில் நின்று வேடிக்கை பார்த்த, அல்லது உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு ஓட நோட்டம் பார்த்த இடங்கள் அவை. வாசலில் காவலாளி தடுத்தால் திரும்பி வந்து, குழுவில் பேசி, மறுநாள் மீண்டும் போக வேண்டும்.